பதினாலு ஈக்களின் சீட்டு

பேய் உண்டா இல்லையான்னு எங்கிட்ட வாதாட வராதீங்க. நான் பட்டதைச் சொல்றேன். அதுவும் பட்டப்பகல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

பூச்சி சேகரிப்பு அறையில நான் மட்டும்தான். மைக்ரோஸ்கோப் பக்கத்துல ஒரு கண்ணாடி மூடிப் பெட்டி. உள்ளே ஊசி குத்தின பழைய ஈ பதினாலு. இறக்கையை ஆட்டி ஒண்ணுக்கொண்ணு சைகை காட்டுற ஜாதி. இது யாருக்கும் தெரியாத புதுப் பேரினம்னு நிரூபிக்கத்தான் எட்டு வருஷம் மாரடிச்சேன். மறுநாள் காலை பத்து மணிக்கு ஆய்வேடு கொடுக்கணும். தவறினா பிஎச்.டி. பதிவே ரத்து. கெஞ்சி வாங்கின அவகாசமும் அதோட முடியுது.

2:10. கடைசி ஈயோட ஊசியில, அடியில ஒரு சின்னச் சீட்டு. இத்தனை வருஷமா என் கண்ணுல எப்படிப் படாம போச்சு? பொடி எழுத்து: "பழைய பேரினமே. நெற்றி முடி உதிர்ந்துள்ளது. குழி காண்க."

பார்த்தேன். முடி இருந்து விழுந்த குழி... இருந்துச்சு. இந்த ஜாதிக்கு அந்த முடியே கிடையாதுங்கறதுதான் புதுப் பேரினம்னு சொல்ல என் ஒரே ஆதாரம்.

ஒருத்தர் குத்தின சீட்டை அடுத்தவர் தொடக்கூடாது. ஒத்துக்கலைன்னா கீழே நம்ம சீட்டைக் குத்தணும். அதுதான் எங்க தொழில் தர்மம். நான் உருவிக் கிழிச்சுக் குப்பையில போட்டேன். எனக்கு வேற வழி தெரியல.

2:25. டிக்... பெட்டிக்குள்ள.

சீட்டு ஊசியில இருந்துச்சு. முழுசா.

அப்பதான் வீட்டுக்காரர் போன் பண்ணார்.

"எப்ப வர்ற?"

"முடிச்சிட்டு."

"பக்கத்துல யாரு இருமுறது?"

"யாருமில்லையே..."

2:40. திரும்ப உருவினேன். வாயில போட்டு மென்னு முழுங்கினேன். மை கசந்துச்சு. ஈரமா...

2:52. டிக். டிக். டிக்.

பதினாலு தடவை.

ஒவ்வொரு ஊசியிலயும் சீட்டு.

செத்த ஈங்க... பதினாலும்... இறக்கையைத் தூக்கிச்சு.

ஓடினேன்.

மறுநாள் ஆய்வேட்டைக் கொடுக்கல. சேகரிப்புக் காப்பாளர்கிட்ட போய் அழுதேன்.

"சார், பழைய சீட்டைக் கிழிச்சிட்டேன்."

"எந்தச் சீட்டும்மா?"

பெட்டியைத் திறந்தார். பதினாலு சீட்டும் இருந்துச்சு. குனிஞ்சு படிச்சவர் நிமிரவே இல்ல.

"இது எனக்கு முன்னாடி இங்க காப்பாளரா இருந்த பெரியவர் கையெழுத்து. ஆனா இந்தப் பெட்டிக்கு அவர் ஒரு சீட்டுகூட எழுதலையேம்மா. எழுதணும்னு உட்கார்ந்தார்... பேனா மூடியைக் கழட்டினார்... அப்படியே தலை சாஞ்சுடுச்சு. நாப்பது வருஷம் ஆச்சு."