மாஸ்டரின் கழுத்தளவு

"மூச்சப் பிடிக்காதீங்க சார். விடுங்க. நல்லா விடுங்க. இப்ப வெளிய வந்துச்சு பாருங்க, இதுதான் உங்க வயிறு. இதுக்குத்தான் பேண்ட்."

வந்தவர் உள்ளே இழுத்து வைத்திருந்த வயிற்றை மெல்ல வெளியே விடுகிறார். மாஸ்டர் அதுவரை டேப்பைத் தளர்வாகப் பிடித்தபடி காத்திருக்கிறார். அவர் பொறுமையாக ஒரே இடத்தில் நிற்பது அந்த நேரத்தில் மட்டும்தான். தையற்காரனிடம் உலகமே பொய் சொல்கிறது என்பது அவர் கட்சி. வாயால் அல்ல, வயிற்றால், நெஞ்சால், தோளால். "வக்கீல்கிட்டகூட உண்மையச் சொல்லிடுவாங்க தம்பி. டேப்பக் கண்டா மட்டும் ஒருத்தனுக்கும் மனசு வராது."

அளவெடுத்து முடித்த கணமே டேப்பைக் கழுத்தில் வீசிக்கொண்டு நகரத் தொடங்கிவிடுவார். துணியில் கோடு போடும் சாக்பீஸைச் சீவுவார். வெட்டிய துணியை மடிப்பார், மடித்ததை மறுபடி விரிப்பார். நூல் தீராத பாபினைக் கழற்றிச் சுற்றுவார். வாசலுக்கு வந்து தெருவின் இரு முனைகளையும் யாரோ வரவேண்டும் என்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே போவார். கடையில் மூலைக்கொன்றாகப் பாதி குடித்த டீ கிளாஸ்கள் ஆறிக் கிடக்கும். நாற்காலியில் உட்கார்ந்து பேசினாலும் அவருடைய வலது பாதம், அங்கே இல்லாத மிதியை மிதித்துக்கொண்டே இருக்கும். எதிர்ச்சாரியில் உள்ள அச்சகத்தில் பிழை திருத்துபவன் நான். என் மேசைக்கு நேரே அவர் கடை. மனிதர் சுறுசுறுப்புக்குப் பிறந்தவர் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

"சுறுசுறுப்பாவது ஒண்ணாவது" என்றார் ஒருமுறை. "கொஞ்சம் அசந்து உக்காந்தா போதும் தம்பி, கண்ணு சொருகிடும். அதான் ஓடிக்கிட்டே இருக்கேன்."

ஓட முடியாத நேரம் ஒன்று உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெட்டுமேசையில் துணிகளை ஒதுக்கிவிட்டு மல்லாந்து படுப்பார். சற்று நேரத்தில் தெருவுக்குத் தெரிந்துவிடும். முதலில் நீளமான துணியை யாரோ நிதானமாகக் கிழிப்பது போல ஒரு ஒலி. பிறகு துருப்பிடித்த ஷட்டரைப் பாதி ஏற்றி, அங்கேயே விட்டுவிட்டதுபோல் ஒன்று. பக்கத்துச் சைக்கிள் கடைக்காரருக்கு இதுதான் பொழுதுபோக்கு. ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே நேர்முக வர்ணனை செய்வார்.

"வழி விடுங்கப்பா, மாஸ்டர் வண்டிய எடுத்துட்டாரு. மேடு ஏறுது. கியர் மாத்துறாரு பாரு. ஆங்… ஆஃப் ஆயிருச்சு."

'ஆஃப்' ஆகும்போது தெரு சிரிக்கும். சத்தம் சட்டென்று நின்றுபோகும். அந்த நேரம் பார்த்து, கடையையும் பின்னாலிருக்கும் வீட்டையும் பிரிக்கிற ஒட்டுத்துணித் திரை விலகும். மாஸ்டரின் மனைவி நிற்பார். கையில் ஈரம் சொட்டும், அல்லது பாதி உரித்த வெங்காயம் இருக்கும். எல்லோரும் அக்கா என்றே அழைக்கும் அந்தப் பெண் எதுவும் செய்வதில்லை, மேசைமேல் கிடக்கிற மார்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மாஸ்டர் தண்ணீரிலிருந்து தலை தூக்கியவர்போல் ஒரு பெரும் உறுமலோடு காற்றை இழுப்பார். வண்டி மறுபடி கிளம்பும். திரை மூடும். சத்தத்துக்கு வெட்கப்பட்டுத்தான் அக்கா வந்து பார்க்கிறார் என்று தெரு நினைத்தது. இருப்பதைவிட விடுபட்டதைத் தேடியே பழகிய கண் எனக்கு. அவர் ஒருநாளும் சத்தத்துக்கு வந்ததில்லை. சத்தம் விடுபட்ட இடத்தில்தான் வந்தார்.

மாஸ்டருக்குக் குறட்டை ஒரு மானப் பிரச்சினை. அதற்கான வைத்தியம் எல்லாவற்றையும் அவரே தைத்துக்கொண்டார். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைக்கும் என்று யாரோ சொன்னதும், பனியனின் முதுகில் ஒரு பை தைத்து, சைக்கிள் கடைக்காரர் கொடுத்த பழைய பந்தை உள்ளே போட்டார். மல்லாந்தால் பந்து குத்தும், மனிதர் ஒருக்களிப்பார் என்று திட்டம். சில நாள் பலித்தது. பிறகு உடம்பு பந்தோடு சமாதானம் செய்துகொண்டது. முதுகில் ஒரு கன்றலோடு, பந்தின் மேலேயே மல்லாந்து குறட்டை விட்டார். அடுத்தது தாடைக்கட்டு. கோட்டுக்கு வைக்கும் லைனிங் துணி, இருபுறமும் எலாஸ்டிக், உச்சந்தலையில் ஒட்டுப்பட்டை. "வாயத் தச்சுட்டா சத்தம் எங்கேர்ந்து வரும்?" பல்வலிக்காரனைப் போல அதைக் கட்டிக்கொண்டு படுத்தார். மூக்குக்கு உப்புத் தண்ணீர். தலைக்கு, வெட்டித் தள்ளிய துண்டுத்துணிகளை அடைத்த சரிவுத் தலையணை. சிகரெட்டை நிறுத்தினார். வாரக் கடைசியில் நண்பர்களோடு போடுகிற இரண்டு மடக்கையும் முனகிக்கொண்டே விட்டார்.

இத்தனையிலும் அவர் தொடாத இடம் ஒன்று இருந்தது. மற்றவர்களுக்குக் காலர் பொத்தான் கழுத்தில் சிக்கென்று உட்கார வேண்டும் என்று அடம்பிடிப்பவர், தன் சட்டையில் அந்தப் பொத்தானைப் போட்டு நான் பார்த்ததில்லை. காற்றோட்டமாம். தனக்குத் தைக்கும்போது டேப்பையும் தொடமாட்டார். "நம்ம உடம்பு நமக்குத் தெரியாதா? கண்ணளவுதான்." கடை வாசலில் மாட்டியிருக்கும் பழைய புகைப்படத்தில் மெலிந்த ஓர் இளைஞர் இதே இயந்திரத்தின் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கழுத்து என்று தனியாக ஒன்று இருந்தது.

தாடைக்கட்டும் தலையணையும் சேர்ந்து ஒருநாள் வேலை செய்யத் தொடங்கின. சத்தம் பாதியாகக் குறைந்தது. சைக்கிள் கடைக்காரருக்கு வர்ணிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. மாஸ்டர் எழுந்து வந்து தெருவுக்கே டீ சொன்னார். "கேஸ் முடிஞ்சுது! டாக்டரு, ஊசி, ஒண்ணும் கிடையாது. எல்லாம் லைனிங் துணி." அந்த வாரத்தில்தான் அக்காவின் கண்களுக்குக் கீழே கருமை படிந்தது. தைக்கக் கொடுத்திருந்த சட்டையை வாங்க நான் போனபோது மாஸ்டர் நூல் வாங்க வெளியே போயிருந்தார். சட்டையை எடுத்துக் கொடுத்த அக்காவிடம், இப்போதாவது தூங்க முடிகிறதா என்று கேட்டுவிட்டேன்.

"சத்தம் இருந்தா நான் தூங்கிடுவேன் தம்பி. அது எனக்குத் தாலாட்டு மாதிரி. நின்னாதான் முழிப்பு வரும்." சட்டையை மடித்துக்கொண்டே பேசினார். "இப்ப மெதுவா விடுறாரா, நின்னு போச்சான்னே தெரிய மாட்டேங்குது. மூக்குகிட்ட கைய வச்சு வச்சுப் பாக்கறேன்."

"டாக்டர்கிட்ட…"

"கூப்பிட்டுப் பாத்தாச்சு. குறட்டைக்குப் போய் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா, சிரிக்க மாட்டாங்களாங்கறாரு. அவங்கப்பாவும் இப்படித்தான் விடுவாராம். தூக்கத்துலயே போயிட்டாராம். கொடுத்து வச்ச மனுஷன்னு பெருமையா வேற சொல்றாரு."

மடித்த சட்டையைப் பிரித்து, மறுபடியும் மடித்தார்.

பிறகு அந்தப் பிற்பகல். காவல்காரர்களுக்கான சீருடை பேண்ட்டுகள் மறுநாள் போகவேண்டும். மாஸ்டர் அன்று மேசையில் படுக்கவில்லை, இயந்திரத்திலேயே இருந்தார். நான் மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய இயந்திரம் விட்டு விட்டுத்தான் ஓடும், கொஞ்சம் தைப்பார், நிறுத்துவார், துணியைத் திருப்புவார். அன்று அது நிற்காமல் ஓடியது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் திரையைக் கிழிப்பதுபோல் விலக்கிக்கொண்டு அக்கா ஓடிவந்து சுவிட்சை அணைத்தார்.

தலை நெஞ்சில் தொங்க மாஸ்டர் தூங்கிக்கொண்டிருந்தார். பாதம் மட்டும் தன் வேலையை விடாமல் மிதியை அழுத்திக்கொண்டிருந்தது. கழுத்திலிருந்து தொங்கிய டேப்பின் இரு நுனிகளும் பேண்ட்டோடு சேர்ந்து ஊசிக்கடியில் போயிருந்தன. இயந்திரம் டேப்பைத் தைத்துத் தைத்து உள்ளே இழுக்க, அவர் கழுத்தும் கூடவே இறங்கியிருந்தது. கண் விழித்தபோது ஊசி அவர் மூக்குக்கு அருகில் இருந்தது.

சத்தம் கேட்டு வந்த சைக்கிள் கடைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மாஸ்டர்! பேண்ட்டோட அளவையும் சேத்துத் தச்சுட்டீங்களே! இனிமே இதப் போடுறவரு எங்க போனாலும் சைஸ் கையோட இருக்கும்."

மாஸ்டரும் சிரித்தார். பேண்ட்டோடு பிணைக்கப்பட்ட கழுத்தை நிமிர்த்த முடியாமல், குனிந்த வாக்கிலேயே சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. பிளேடை எடுத்துத் தையலை ஒவ்வொன்றாக அறுத்தார். டேப் வெளியே வந்தபோது அதன் இரு நுனிகளிலும் வரிசையாக ஊசித் துளைகள். அதைக் கணவரின் கழுத்திலேயே போட்டுவிட்டு உள்ளே போனவர், ஃபோனோடு திரும்பினார். மருந்துக்கடைக்காரர் எப்போதோ சொல்லி வைத்திருந்த தூக்க மருத்துவமனையின் எண். ஒலிபெருக்கியில் போட்டு வெட்டுமேசையின் நடுவில் வைத்தார். அதற்குள் நானும் கடைக்குள் வந்திருந்தேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை.

ஃபோனில் ஒரு பெண் வேகவேகமாகக் கேள்வி கேட்டாள். "குறட்டை பக்கத்து ரூம் வரைக்கும் கேக்குமா சார்?"

"பக்கத்துத் தெரு வரைக்கும் கேக்கும்மா!" என்றார் வாசலிலிருந்து சைக்கிள் கடைக்காரர்.

"பகல்ல அசந்து தூங்கறதுண்டா?"

"எப்பவாச்சும்" என்றார் மாஸ்டர். அக்கா தையல் அறுத்த பேண்ட்டை எடுத்து அவர் மடியில் போட்டார். "அடிக்கடி" என்று திருத்திக்கொண்டார்.

"தூங்கறப்ப மூச்சு நிக்கிறத யாராவது பாத்திருக்காங்களா?"

"இல்லம்மா, அந்த மாதிரியெல்லாம் ஒண்ணும்…"

"நான் பாத்திருக்கேன்" என்றார் அக்கா. "தினமும் பாக்கறேன்."

மாஸ்டரின் பாதம் மிதிப்பதை நிறுத்தியது. சைக்கிள் கடைக்காரர் வாசலில் சிரிப்பை நிறுத்தித் துணியில் கை துடைத்துக்கொண்டார்.

"எங்கிட்ட சொல்லவேயில்லையே" என்றார் மாஸ்டர் தாழ்ந்த குரலில்.

"சொன்னேனே. நீங்க சத்தத்துக்கு மட்டும்தான வைத்தியம் பாத்தீங்க."

ஃபோனில் இருந்தவள் இப்போது நிதானமாகப் பேசினாள். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு போகிற வழி குறுகிவிடும், அந்த இடுக்கில் காற்று உரசுகிற சத்தம்தான் குறட்டை, சிலருக்கு வழியே கொஞ்ச நேரம் மூடிக்கொள்ளும் என்றாள். வாயைக் கட்டி வைப்பது இதற்கு மருந்தில்லை. ஓர் இரவு வந்து படுத்தால் மூச்சை அளந்து பார்ப்பார்கள். எடை குறைக்க வேண்டியிருக்கலாம், காற்றை உள்ளே தள்ளுகிற முகமூடி இயந்திரம் தேவைப்படலாம்.

"இன்னொரு மிஷினா?" மாஸ்டர் எழுந்து கத்தரிக்கோலை எடுத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். "பகல் பூரா ஒண்ணுகூட மாரடிக்கறேன், ராத்திரிக்கு வேற ஒண்ணா?"

"அதெல்லாம் டாக்டர் பாத்துட்டுதான் சார் சொல்லுவாங்க. கடைசியா ஒண்ணு, கழுத்து பெருத்தவங்களுக்கு இந்த அடைப்பு அதிகம் வரும். கழுத்து சுத்தளவு எவ்வளவு? காலர் சைஸ் சொன்னாலும் போதும். பதினேழு இஞ்சுக்கு மேல இருக்கா?"

தெருவில் போகிறவனின் காலர் அளவை நடையிலேயே சொல்லிவிடுகிற மனிதர் கையிலிருந்த கத்தரிக்கோலைத் திறந்து மூடினார்.

"கண்ணளவுதாம்மா" என்றார் கடைசியில். "அளந்தது இல்ல."

"அளந்து சொல்லுங்க சார். லைன்ல இருக்கேன்."

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லத் தயாரான முகத்தோடு மாஸ்டர் வாசல்வரை போனார். தெருவின் இரு முனைகளையும் ஒருமுறை பார்த்தார். திரும்பி வந்து கழுத்திலிருந்த டேப்பை உருவி அக்காவிடம் நீட்டினார். பல வருடமாகக் கழுத்திலேயே கிடந்தும் ஒருநாளும் அதைச் சுற்றி வந்திராத டேப்.

அக்கா எக்கி நின்று டேப்பைப் பின்னங்கழுத்தில் போட்டு முன்னால் கொண்டுவந்தார். மாஸ்டர் தாடையை உயர்த்தினார். நெஞ்சை நிமிர்த்தி, காற்றை உள்ளே இழுத்து, கழுத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, அப்படியே பிடித்துக்கொண்டார்.

அக்கா துளை விழுந்த நுனிகளைத் தளர்வாகப் பிடித்தபடி, அவர் மார்பையே பார்த்துக்கொண்டு காத்து நின்றார். மாஸ்டர் மூச்சை விட்ட பிறகுதான் டேப்பை இழுத்தார்.