பலகையில இருக்க பேரு

எங்க கடைப் பலகையில இருக்கது எங்க வீட்டுக்காரவிய பேரு. என்ன பேருன்னு மட்டும் கேட்டுராதீங்க, எழுத எனக்குக் கை ஓடாது. புருசன் பேரச் சொன்னா அவிய ஆயுசு கொறையும்னு சொல்லித்தான் எங்கம்மா கட்டிக் குடுத்தா. நம்பிக்கையோ பழக்கமோ, அந்த ஒரு பேருக்கு நாக்கு திரும்பாது. ரேஷன் கடையில கேட்டாக்கூட, "இந்தா, படிச்சுக்கோங்க"ன்னு கார்டை நீட்டிட்டு நிப்பேன்.

கோவில்பட்டியில பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்புல எங்க சேவுக் கடை. நான் அடுப்படியில நின்னு கடலை எண்ணெயில சேவு தேய்ப்பேன். அவிய பொட்டலத்தைத் தூக்கிட்டு பஸ் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடுவாவ. பூண்டும் வத்தலும் மணக்கிற மணத்துக்குத் தூங்குதவனும் எந்திரிச்சு வாங்குவான். அடடா, என்ன யாவாரம் அது!

அப்பெல்லாம் விளம்பரம்னா சினிமாக் கொட்டகையில சிலைடு போடுறதுதான். அவியளும் ஒண்ணு போட்டாவ. என்ன படம்னே எனக்கு ஞாபகமில்ல, சிலைடைப் பாக்கத்தான் போனோம். இடைவேளையில அவிய பேரு திரை முழுக்கப் பெருசாத் தெரிஞ்சுது. கொட்டகையே பாக்குதுன்னு எனக்கு வெக்கம் புடுங்கித் திங்குது, முந்தானையை எடுத்து மூஞ்சியில போட்டுக்கிட்டேன். அவிய காதுகிட்ட குனிஞ்சு, "ஏட்டி, ஒரே ஒரு தடவை வாசியேன். யாருக்குக் கேக்கப் போகுது"ன்னாவ. "எனக்குக் கண்ணு தெரியல"ன்னுட்டேன். வீடு வந்து சேருற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தாவ. அந்தச் சிரிப்பை நெனைச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு நெறைஞ்சு போகும்.

பெறகு பைபாஸ் வந்துது. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியோடயே போக ஆரம்பிச்சுட்டு. காலையில போட்ட சேவு சாயந்தரமும் அப்படியே டப்பாவுல கெடக்கும். அவிய வெறும் ரோட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாவ. எனக்கு அது பொறுக்காம, "ரோட்டை யாரு தூக்கிட்டுப் போகப் போறா?"ன்னு எரிஞ்சு விழுவேன். கோயம்புத்தூர்ல வேலை பாக்குத எங்க மக பொங்கலுக்கு வந்தவ, "கடையைப் பூட்டிட்டு எங்கூட வந்திருங்கப்பா"ன்னா. அவிய நிமிர்ந்து பலகையைத்தான் பாத்தாவ.

மகளுக்கு மனசு கேக்கல. "சரி, கடைசியா ஒரு ரீல் போட்டுப் பாப்போம். இப்ப எல்லாரும் அதைப் பாத்துத்தான் கடைக்கே போறாங்க"ன்னா. அப்பாவைப் பேசச் சொன்னா. அவிய என்னைக் கையைக் காட்டி, "உங்கம்மா பேசட்டும், அவதான் வாயாடி"ன்னாவ. மூஞ்சியில ஒரு கள்ளச் சிரிப்பு. எதுக்குன்னு எனக்கு அப்பத் தெரியல.

நானும் அடுப்பு முன்னால நின்னு நல்லாத்தான் பேசினேன். மாவு எப்படி, எண்ணெய் என்ன, எல்லாம் சொன்னேன். கடைசியில, "எல்லாரும் கோவில்பட்டிக்கு வாங்க, நம்ம... நம்ம..."ன்னு நின்னு போச்சு.

"கடைப் பேரச் சொல்லும்மா."

கரண்டியைப் பலகைப் பக்கம் நீட்டினேன். போனுக்குள்ள அது தெரியலன்னு சொல்லுதா. "வாயால சொல்லும்மா!"

எனக்கு வந்துது கோவம். "என்னட்டி வாயால சொல்லும்மா நோயால சொல்லும்மான்னுக்கிட்டு? அவிய கடை! அவிய கடைக்கு வாங்க! போதுமா?"

பாவி மக, ஒண்ணையும் வெட்டாம அப்படியே போட்டுட்டா. பொங்கல் முடிஞ்சு அவ ஊருக்குப் போன பெறகுதான் ஆளு வர ஆரம்பிச்சுது. ஆட்டோக்காரன்கிட்ட "அவிய கடை எங்க இருக்கு?"ன்னு கேட்டு வாராவ. இடைசெவல்லருந்து பொம்பளைங்க வந்து, பலகையை மனசுக்குள்ள வாசிச்சுட்டு, என்னைப் பாத்து அப்படி ஒரு சிரிப்பு. நாகலாபுரத்துக்காரி ஒருத்தி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "எங்க டிராக்டர்ல எங்க வீட்டுக்காரவிய பேருதான்க்கா எழுதியிருக்கு, நானும் இதுவரை சொன்னதில்ல"ன்னா. மறுபடியும் ரெண்டு அடுப்பு எரிஞ்சுது. அவிய பொட்டலம் கட்டுத கையில பழைய வேகம் வந்துது.

மக போன்ல சொன்னா: "அப்பா, எல்லாரும் 'அவிய கடை'ன்னுதான் தேடுறாங்க. போர்டையே மாத்திருங்க." அவிய உடனே சரின்னுட்டாவ. எனக்குத்தான் சுருக்குன்னு இருந்துது. பலகைக்கு வருசா வருசம் ஆயுத பூசைக்குத் தன் கையால பொட்டு வைக்கிற மனுசன், ஒரு வார்த்தை எதுத்துப் பேசல.

போர்டு எழுதுத அண்ணாச்சி ஏணி போட்டு ஏறினாரு. அவிய எதுத்தாப்புல டீக்கடை பெஞ்சியில போயி உக்காந்துக்கிட்டாவ. டீ கையில ஆறுது, குடிக்கல. அங்கன இருந்து அந்த எழுத்தையே பாக்குதாவ. அப்பத்தான் எனக்கு அந்தக் கள்ளச் சிரிப்பு வெளங்குச்சு. ரீலுக்கு என்னை நிப்பாட்டுனது யாவாரத்துக்கு இல்ல. கொட்டகையில கேட்டதைத்தான் மனுசன் திரும்பவும் கேட்டிருக்காவ.

அண்ணாச்சி பிரஷ்ஷை வெள்ளைப் பெயிண்டுல முக்கிட்டாரு. "நிறுத்துங்க அண்ணாச்சி!"ன்னு கத்தினேன். "அந்தப் பேரை அழிக்காதீங்க. புதுசை வேணா கீழ எழுதுங்க."

"எந்தப் பேரு மதினி? மேல சாமி பேரும்லா இருக்கு."

கையைக் காட்டியிருக்கலாம். கரண்டியும் கையிலதான் இருந்துது. நான் காட்டல. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, அந்தப் பேரை ரோட்டுக்கே கேக்குத மாதிரி சொல்லிட்டேன்.

கண்ணைத் தொறந்தா, அவிய டீ கிளாஸோட எந்திரிச்சு நிக்காவ. கண்ணு ரெண்டும் கலங்கிக் கெடக்கு.

"ஏட்டி, பஸ் சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லு"ன்னாவ.

எந்தப் பஸ்ஸு? அதுதான் எல்லாம் பைபாஸ்லல்லா போகுது.