பேர் சொல்லி ஒரு மன்றாட்டு

மைக் கையில் கிடைத்தால் நான் எதையும் பேசிவிடுவேன் என்பது எங்கள் தலைமையாசிரியை சிஸ்டருக்குத் தெரியும். அதனால் நான் வாசிக்க வேண்டிய மன்றாட்டை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "இதுல இருக்கறத மட்டும் படிக்கணும். ஒரு கமா கூட உன்னோடதா இருக்கக் கூடாது" என்றார். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

எங்கள் ஊர் கத்தோலிக்கப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் கடைசி நாளில் பெற்றோரையும் கூப்பிட்டு நன்றி வழிபாடு நடத்துவார்கள். அந்த வருஷம் பிள்ளைகள் எதில் வளர்ந்தார்கள், எதற்குத் துணிந்தார்கள் என்று சிஸ்டர் வாசிப்பார். மார்க் பற்றிப் பேச்சே இருக்காது. பல்லியைக் கண்டு அலறியவன் இப்போது அதை விளக்குமாற்றால் தள்ளிவிடுகிறான். திக்கித் திக்கிப் பேசியவள் மேடையில் முழுப் பாட்டும் பாடினாள். இப்படித்தான் இருக்கும் பட்டியல். பிறகு வகுப்புக்கு ஒருவர் மைக் முன்னால் மன்றாட வேண்டும். ஒவ்வொரு மன்றாட்டும் முடிந்ததும் கூட்டம் மொத்தமும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லும். வீட்டில் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுகிற எனக்கும் அது தலைகீழ்ப் பாடம்.

சித்தப்பா மகள், எனக்கு அக்கா, அந்த வருஷம் எட்டாவது. நாங்கள் எல்லாரும் ஒரே வீடுதான். அக்கா ஒன்பதாவது படிக்கப் பாபநாசம் போக வேண்டும். சித்தப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்: "பஸ் ஏறிப் போற படிப்பு பொம்பளப் புள்ளைக்கு வேண்டாம். எட்டாவது போதும்." அக்கா எழுந்து பாத்திரம் துலக்கப் போய்விட்டாள். அவள் எப்போதுமே அப்படித்தான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

என் முறை வந்தது. தாளில் இருந்தது மழைக்கான மன்றாட்டு. ஒழுங்காகப் படித்தேன், பதிலும் வந்தது. மைக் இன்னும் என் கையில் இருந்தது. அக்காவின் பெயரை இனிஷியலோடு சொல்லி, "எங்க அக்கா ஒன்பதாவது படிக்க எங்க சித்தப்பா பஸ்ல அனுப்பணும்னு, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்" என்றேன்.

கூட்டத்துக்கு யோசிக்கும் வழக்கம் இல்லை. முழங்கிவிட்டது. முன்வரிசையில் கைகூப்பி நின்ற சித்தப்பாவும் சேர்ந்து "கேட்டருளும்" என்று சொன்ன பிறகுதான் வாயை மூடினார்.

பக்கத்தில் நின்ற பால்காரர் விடுவாரா? "நீங்களே கேட்டுட்டீங்களே, அப்புறம் என்னங்க?"

சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் கமா, முற்றுப்புள்ளி எல்லாம் இருந்தன.

வெளியே வந்ததும் அக்கா என் காதைத் திருகினாள். "நோயாளிக்கும் செத்தவங்களுக்கும்தாண்டி பேர் சொல்லி மன்றாடுவாங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

சித்தப்பாவும் மசியவில்லை. "பஸ்ஸ சாமியா ஓட்டப் போவுது?" என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தார்.

மே மாத விடுமுறையில் அக்காவுக்குக் கொத்தமல்லிப் பைத்தியம் பிடித்தது. அதை வாங்கப் பாபநாசத்துக்கே பஸ் ஏறினாள், அதுவும் தனியாக. முதல் நாள் சித்தப்பா குதித்தார். "நம்மூர்ல கொத்தமல்லியே கிடைக்கலியா?"

"அங்க கட்டு பெருசுப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். பஸ் டிக்கெட்டை அவர் கண்ணில் படும்படி டிவி மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாளும் போனாள். சித்தப்பா பைக்கில் பஸ் பின்னாலேயே போய் வந்தார். அடுத்த வாரம் பாதி வழியில் திரும்பினார். அப்புறம் ஒரு நாள், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "வர்றப்ப டார்ச்சுக்கு ரெண்டு செல்லு வாங்கிட்டு வா" என்றார்.

என்னை ஒரு தடவைகூட அழைத்துப் போகவில்லை என்று எனக்கு அவள்மேல் கோபம். அந்த டிக்கெட்டுகளையெல்லாம் பொறுக்கி ரப்பர் பேண்ட் போட்டு, கண்டக்டர் விளையாட்டுக்கு வைத்துக்கொண்டேன்.

ஜூனில் அக்கா புதுச் சீருடையோடு பஸ் ஏறினாள். சன்னலிலிருந்து எனக்குக் கைகூடக் காட்டினாள். ஆண்டவர் என் பேச்சைக் கேட்டுவிட்டார் என்று அன்று முழுக்கத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன், கையில் அந்த டிக்கெட் கட்டை வைத்துக்கொண்டே.