மூலையில் நான் போட்ட வேலி

கோ என்ற பலகை விளையாட்டில் தொடக்கக் கற்களை எங்கே வைப்பது என்று எனக்குக் கற்றுத்தரக் கிடைத்தது ஒரு கணினி மட்டும்தான். அதற்கு வாய் இல்லை. ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்டால் பதில் வராது. அடுத்த கல்லை வைத்துவிட்டுச் சும்மா இருக்கும்.

பல்கலைக்கழகத் தோழி கொடுத்த சீடியில் அந்த விளையாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் என் மகள். அவளுக்கு நாவுலவில், விவசாய அலுவலகத்தில் வேலை. தினமும் மாத்தளையிலிருந்து பஸ்ஸில் போய் வந்தாள். போர் முடியாத காலம். அதே ரோட்டில், இன்னும் வடக்கே, ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. மாலையில் பஸ் மாத்தளைக்குச் சற்று முன்னால் உள்ள பலாபத்வலவுக்கு வந்ததும் எனக்கு ஒரு மிஸ் கோல் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. நான் படிப்பிக்கும் ஸ்கூல் விட்டு வந்ததிலிருந்து அந்த அழைப்புக்காக ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பேன்.

“அம்மா, நடந்து நடந்து சிமெண்ட் தேஞ்சிரும். உக்காந்து இத விளையாடுங்க” என்றாள்.

கோடுகள் சந்திக்கும் இடங்களில் கல் வைக்க வேண்டும். எனக்குக் கறுப்பு, கணினிக்கு வெள்ளை. அதிக இடத்தைச் சுற்றி வளைப்பவருக்கு வெற்றி. இவ்வளவுதானே என்று ஒரு மூலையில் தொடங்கி, கல்லோடு கல் ஒட்டி அடைத்துக்கொண்டே போனேன். அந்த மூலை எனக்கு வந்து சேர்வதற்குள் கணினி மற்ற மூலைகளில் ஒவ்வொரு கல்லாக வைத்து, பலகை முழுவதையும் எடுத்துக்கொண்டிருக்கும்.

மகள் பின்னால் நின்று சிரித்தாள். “என்னம்மா, யாழ்ப்பாணத்து வேலி மாதிரி அடைக்கிறீங்க! ஒரு கோழிக்குஞ்சு நொழைய இடமில்ல.”

“காணின்னா மொதல்ல வேலிதான்டி.” நான் பிறந்த ஊரில் அப்படித்தான்.

“இதுல மொதல்ல வேலி போட்டா காணி மிஞ்சாது. அது எப்படி வைக்குதுன்னு பாருங்க.”

பார்த்தேன். ஒரு மூலைக்கு ஒரு கல், பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு வேறு மூலை. எனக்குத்தான் விட முடியவில்லை. வெள்ளைக் கல் ஒன்று பக்கத்தில் வந்தால் போதும், ஓடிப்போய் அடைப்பேன். வைத்த கல்லைத் திரும்ப எடுக்க ஒரு பொத்தான் இருந்தது. எடுத்து வேறிடத்தில் வைத்தாலும் தோல்விதான். எப்போதாவது தொடக்கம் நன்றாக அமைந்தால் கரண்ட் போய்விடும். திரையை உடைக்கலாம் போலிருக்கும்.

எங்கள் வீட்டுக்குக் கீழே மிளகும் கராம்பும் விற்கும் கடை. கடைக்கார முஸ்லிம் பெரியவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் படியில் கண்டால், “டீச்சர், இன்னைக்கும் மெசின்தான் ஜெயிச்சிச்சா?” என்பார். எண்பத்துமூன்றில் தமிழரைத் தாக்கிய கலவரத்தின்போது எங்களை மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தவர். மகள் அப்போது என் வயிற்றில். அவர் கேலி செய்தால் எனக்குக் கோபம் வராது.

அந்த நாட்களில்தான் மகள் நாவுலவில் தங்கப்போவதாகச் சொன்னாள். கூட வேலை செய்யும் சிங்கள அக்காவின் வீட்டில் ஓர் அறை. வாரக் கடைசியில் மட்டும் வருவாளாம். முடியாது என்றேன். தமிழ்ப் பிள்ளை வெளியூரில் தங்கினால் பொலிஸில் பதிய வேண்டும், கேள்விகள் வரும். பொழுது சாய்ந்தால் அவள் என் வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஒரு மாலை மிஸ் கோல் வரவில்லை. நான் அழைத்தேன், இணைப்பே கிடைக்கவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்து, என்ன செய்கிறேன் என்று தெரியாமல் கல்லோடு கல்லாக வைத்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருட்டிய பிறகு படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது.

“நாலந்தைக்கிட்ட ரோட்டுல ஏதோ பொதி கெடந்துச்சாம். எல்லாரையும் எறக்கி, பேக்கெல்லாம் கொட்டிப் பாத்தாங்க. ஃபோனும் வேல செய்யல.”

“இதுக்குத்தான் நான் பயப்படுறேன்.”

“அம்மா, நான் எதுக்கு தெனம் ரெண்டு தரம் அந்த ரோட்டுல போறேன்? ராத்திரியானா உங்க கண்ணு முன்னால இருக்கணும்னுதானே?”

அவள் திரையைப் பார்த்தாள். ஒரு மூலை கறுப்பாக அடைபட்டிருந்தது, மிச்சமெல்லாம் வெள்ளை. அன்று அவள் வேலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் நானா அவளுடைய பெட்டியை நாவுல பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பொலிஸ் பதிவுக்கு நானும் கூடப் போனேன். அந்தச் சிங்கள அக்கா பொலிஸ்காரரிடம் எங்களுக்காகப் பேசினாள். மாலையில் தனியாகத் திரும்பினேன். பலாபத்வல வந்ததும் கை தானாகவே ஃபோனைத் தேடியது.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் அழைத்தாள். “சாப்பிட்டீங்களா? எத்தன மூல பிடிச்சீங்க?”

“இன்னும் தொடங்கவே இல்ல.”

“தொடங்குங்கம்மா. ஒடனே அடைக்காதீங்க.”

ஃபோனை வைத்துவிட்டுத் தொடங்கினேன். ஒரு மூலையில் ஒரு கல். அதை விட்டு, தூரத்து மூலையில் இன்னொன்று. முதல் கல்லின் பக்கத்தில் வெள்ளை வந்தது. நான் வேறு மூலையில் வைத்தேன். வெள்ளை இன்னும் நெருங்கியது. அடைக்கப் போன கையை நிறுத்தி வைப்பது பெரும்பாடாக இருந்தது.