டீமேக்கர் வீட்டுக் கம்ப்யூட்டரும் என் வாயும்

"டேய் செல்வராசு, மறுபடியும் டீமேக்கர் வீட்டுலருந்து ஆள் வந்துச்சு. மிசின் எழும்ப மாட்டேங்குதாம். கெளம்பு" என்று முதலாளி சொன்னதும் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேசையில் எறிந்தேன். இரண்டு மாதத்தில் மூன்றாவது தடவை. அதே வீடு, அதே வியாதி.

எண்பதுகளின் கடைசி. ஹட்டனில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் எனக்கு வேலை. கொழும்பில் ஒரு மாதம் கம்ப்யூட்டர் ரிப்பேர் படித்துவிட்டு வந்த பாவத்துக்கு, டிக்கோயா பக்கம் எந்தத் தேயிலைத் தோட்டத்தில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் என் தலையில்தான் விழும். பஸ்ஸை விட்டு இறங்கி, மழையில் இரண்டு மைல் மேடு ஏற வேண்டும். ஏறிப் போனால், "நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க இருந்துச்சு" என்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மாதிரிக் கம்ப்யூட்டர் தானாக எழும்பாது. புளோப்பி என்ற மெல்லிய சதுர டிஸ்க்கைச் செருக வேண்டும். டிரைவுக்குள் இருக்கும் ஹெட் அதைத் தடவிப் படித்த பிறகுதான் திரையில் எழுத்து வரும். ஹெட்டில் அழுக்குப் பட்டால் படித்ததையே திரும்பத் திரும்பப் படிக்கும். கிர்ர், கிர்ர் என்று சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும். ஒரு நிமிட வேலைக்குப் பத்து நிமிடம் ஆகும்.

முதல் தடவை

டீமேக்கர் சவரிமுத்து ஐயா தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பு முழுவதையும் பார்த்துக்கொள்பவர். முப்பது வருட சர்வீஸ். கம்ப்யூட்டர், வெளிநாட்டில் வேலை செய்யும் மகன் அனுப்பியது. அதைத் தொட்டுப் பழகியவள் மகள் ஸ்டெல்லா. கண்டியில் ஒரு கந்தோரில், அதாவது அலுவலகத்தில், கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அந்தப் பகுதியில் அவள் பழகுவதற்கு வேறு மிசின் கிடையாது.

திறந்து பார்த்தேன். மழைக்காலத்து ஈரத்தில் டிஸ்க்கில் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, புது டிஸ்க் போட்டுக் கொடுத்தேன்.

"ஐயா, டிஸ்க்குல மட்டும் ஈரம் படவே கூடாது. பட்டா அவ்வளவுதான்."

"ஈரத்தப் பத்தி எனக்கா தம்பி சொல்றீங்க?" என்று சிரித்தார்.

இரண்டாம் தடவை

ஒரே மாதத்தில் மறுபடியும் கிர்ர், கிர்ர். இந்த முறை பூஞ்சணம் இல்லை. ஹெட்டைத் துடைத்த பஞ்சு மண்ணிறமாக வந்தது. எங்கிருந்து வந்தது என்று யோசிக்க எனக்குப் பொறுமை இல்லை. காலில் போட்டிருந்த சப்பாத்துக்குள் தண்ணீர், கடைசி பஸ் போய்விடும் என்ற பயம் வேறு.

"மிசின என்னங்க செஞ்சீங்க?"

"ஒன்னுமே செய்யலயே அண்ணே" என்றாள் ஸ்டெல்லா.

"ஒன்னும் செய்யாம எப்படிங்க கெடும்? ஓயாம தட்டிக்கிட்டே இருந்தா தேயத்தான் செய்யும். கொஞ்சம் சும்மா விடுங்க."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். இன்னொரு புது டிஸ்க்கும் கொடுத்தேன்.

மூன்றாம் தடவை

உள்ளே போனால் கம்ப்யூட்டர் மேல் போர்வை போர்த்தி, அதைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். ஸ்டெல்லா சுவரில் சாய்ந்து நின்றாள். அழுது முடித்த முகம்.

"தம்பி, இத ரிப்பேர் பண்ணி டவுன்ல யாருக்காவது வித்துக் குடுங்க. இவ தட்டித் தட்டியே தேஞ்சு போச்சுன்னு நீங்களே சொன்னீங்கல்ல. மறுபடியும் நின்னுபோச்சு, எட்டு நாளா தொட வேணாம்னு கட்டி வச்சிருக்கேன்" என்றார் சவரிமுத்து ஐயா.

"திங்கக்கெழம கண்டியில டெஸ்ட்டுண்ணே. கடுதாசி வந்து எட்டு நாளாச்சு" என்றாள் அவள். அன்று சனிக்கிழமை.

தேய்மானம் என்று நான் சொன்னது சும்மா, பஸ்ஸைப் பிடிக்கச் சொன்ன வார்த்தை. கயிற்றை அவிழ்த்தேன். "நான் குடுத்த சிஸ்டம் டிஸ்க்க எடுங்க, பாப்போம்" என்றேன்.

மகள் அசையவில்லை. அப்பாதான் படுக்கையறைக்குள் போனார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தேயிலைப் பெட்டியை இழுத்தார். உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பலகைப் பெட்டி. அடியில் நன்றாகக் காய்ந்த டஸ்ட் தேயிலை இரண்டு அங்குலத்துக்கு. அதன் மேல் அழகாகப் படுத்திருந்தது என் டிஸ்க்.

"ஐயா! இது என்னங்க?"

"ஈரம் படக் கூடாதுன்னீங்களே. காஞ்ச தூள் ஈரத்த இழுத்துக்கும். லண்டன் போற தேயிலையே இப்படித்தான் தம்பி கெடாம போகுது. தெனம் இவ வேல முடிஞ்சதும் நானே வாங்கி உள்ள வச்சிருவேன்" என்றார் பெருமையாக.

டிஸ்க்கைத் தட்டினேன். தேயிலைத் தூள் உதிர்ந்தது. அது ஒவ்வொரு நாளும் டிரைவுக்குள் போய் ஹெட்டில் அப்பியிருக்கிறது. பஞ்சில் வந்த மண்ணிறம் இதுதான். 'மிசின என்ன செஞ்சீங்க' என்று கேட்ட மடையன் நான். 'டிஸ்க்க எங்க வைக்கிறீங்க' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஹெட்டைத் துடைத்து, பையிலிருந்த வேறு டிஸ்க்கைப் போட்டேன். ஒரு நிமிடத்தில் எழும்பியது.

"ஐயா, தங்கச்சி மேல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் தெரியாம வாய விட்டுட்டேன்."

சவரிமுத்து ஐயா பெட்டியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டியை வெளியே தூக்கிக்கொண்டு போய்த் தூளைக் கொட்டினார். அந்த மனிதர் தேயிலையை மண்ணில் கொட்டியதை அந்த வீடு அதற்கு முன் பார்த்திருக்காது.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஸ்டெல்லா அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "மிசினத் திருத்திட்டீங்கண்ணே. அந்த எட்டு நாள?"

அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. தட்டும் வேகம் கொஞ்சம் போதவில்லையாம். அடுத்த வருடம் வேறு கந்தோரில் சேர்ந்தாள், நல்லபடியாக இருக்கிறாள். ஆனால் அந்த முதல் வேலை போனது போனதுதான்.

அதன் பிறகு முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தேன். கோளாறைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் ஒரு வீட்டிலும் ஓர் ஆளைக் கைகாட்டியதில்லை. அதனால் எத்தனையோ நாள் பஸ்ஸைத் தவறவிட்டு ஹட்டனுக்கு நடந்தே வந்திருக்கிறேன்.