போர்வைக்குக் கீழே நான்கு கால்கள்

இன்று காலை மறைமலை நகர் பேருந்து நிறுத்தத்தில் ஓர் ஐடி கார்டு கிடந்தது. நீல நாடா, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பெண்ணின் படம். கம்பெனி பஸ்ஸில் ஏறிய அவசரத்தில் கழன்று விழுந்திருக்க வேண்டும். மண்ணைத் தட்டிப் பக்கத்துப் பெட்டிக்கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கை கழுவப் போனால் விரல்களில் சோப்புத்தூளும் இயந்திர எண்ணெயும் கலந்த வாசனை. ஒரகடத்தில் ஸ்டெல்லா அப்போது குடியிருந்த வீட்டின் கதவைச் சாத்தினால், அதன் பின்னால் மாட்டியிருக்கும் இரண்டு யூனிஃபார்ம்களிலிருந்தும் இதே வாசனைதான் வரும். கையை உடனே கழுவவில்லை.

ஸ்டெல்லா என் தங்கை மகள். அவளுக்கும் அவள் புருஷன் ராபர்ட்டுக்கும் வேறு வேறு தொழிற்சாலைகள், வேறு வேறு ஷிஃப்ட். பத்து வருடங்களுக்கு முன் ஒரு காலாண்டு விடுமுறைக்கு என்னைக் கூப்பிட்டாள். "வா மாமா, புள்ளைங்களப் பாத்துகினு ஜாலியா இரு. அங்க தனியா குந்திகினு இன்னா பண்ணப் போற?" கேட்டது உபகாரம், சொன்ன விதம் உபசாரம். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. மனைவி போன பிறகு வீட்டில் எண்ணுவதற்குக்கூட ஆளில்லை. இரண்டு வேட்டி, மூன்று சட்டை, பதினெட்டு மாத்திரை எடுத்துக்கொண்டு போனேன்.

எண்ணுவது எனக்குத் தொழில். முப்பத்தொரு வருடம் தொழிற்சாலை ஸ்டோரில் இருப்புப் பார்த்தவன். இப்போதும் படி ஏறினால் படி, தோசை தின்றால் தோசை. அங்கே போனதும் குழந்தைகளை எண்ண ஆரம்பித்தேன். மூத்தவன் ஜோயலுக்கு எட்டு வயது, சின்னவள் ஜெனிக்கு ஐந்து. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வாசலில் தலையை நீட்டி, ஒன்று, இரண்டு.

வாசல் என்றால் ஆறு வாடகை வீடுகளுக்கும் பொதுவான வாசல். பகலில் பிள்ளைகள் அங்கேதான் விளையாட வேண்டும், அதுவும் சத்தமில்லாமல். ராபர்ட் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து மூன்று மணி வரை தூங்குவான். தூக்கம் கெட்டால், அன்றிரவு அவன் நிற்பது பிரஸ் மெஷின் முன்னால். பத்து விரலும் வேண்டுமே.

அந்தப் பிள்ளைகளின் விளையாட்டைச் சொல்ல வேண்டும். நாமெல்லாம் கண்ணாமூச்சி ஆடினோம். அவர்கள் ஆடியது ஷிஃப்ட். கொடியில் காயும் போர்வைதான் கம்பெனி கேட். ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். ஜெனிதான் சூப்பர்வைசர். கழுத்தில் அம்மாவின் பழைய கார்டைப் போட்டுக்கொள்வாள். அது முழங்கால் வரை தொங்கும். "தாத்தா, நீ லேட்டு. பாதி நாள் சம்பளம் கட்டு," என்பாள். மூன்றாம் நாள் என்னை வேலையைவிட்டே நிறுத்திவிட்டாள்.

ஐந்தாம் நாள் மதியம் சாதம் வடித்துவிட்டு எட்டிப் பார்த்தேன். போர்வைக்குக் கீழே நான்கு கால்கள். கணக்குச் சரி. அப்பளம் பொரித்துவிட்டுப் பார்த்தேன். நான்கு கால்கள். சாப்பிடக் கூப்பிட்டதும் போர்வையை விலக்கிக்கொண்டு ஜோயல் வந்தான். அவன் பின்னால் அடுத்த வீட்டு ஒடிசாக்காரர்களின் பெண் பிங்கி வந்தாள்.

"ஜெனி எங்கடா?"

"அவ ட்யூட்டிக்குப் போயிட்டா தாத்தா. இன்னிக்கு செகண்ட் ஷிஃப்ட்."

"எந்த ட்யூட்டிக்கு?"

"அம்மா கம்பெனிக்கு. பிங்கிதான் மாத்துக்கு வந்துகீறா."

எண்ணிக்கை சரி, பொருள் வேறு. ஸ்டோரில் இதற்கு மெமோ கொடுப்பார்கள்.

ஜோயலின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். செருப்புப் போட்டேனா என்பது நினைவில்லை. கம்பெனி பஸ் நிற்கும் நிறுத்தம் மெயின் ரோட்டில். கார்களை ஏற்றிய டிரெய்லர்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரும் ரோடு அது. நல்லவேளை, நிறுத்தம் இந்தப் பக்கமே இருந்தது. யூனிஃபார்ம் போட்ட பெண்கள் சாப்பாட்டுப் பையோடு வரிசையில் நின்றார்கள். ஏழு பேர். எட்டாவதாக ஜெனி.

"உங்க பேத்தியாய்யா?" என்றாள் முன்னால் நின்ற தெற்கத்திப் பெண். "வீட்டைக் கேட்டா சொல்ல மாட்டேங்கா. கார்டு இருக்கு, ஏத்தித்தான் ஆவணும்னு நிக்கா."

"போ தாத்தா," என்றாள் ஜெனி. "பஸ்ஸு வந்துடும். அம்மாவாண்ட போணும்."

அடிக்கக் கை ஓங்கினேனா, தூக்கிக்கொண்டேனா? தூக்கிக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன். திரும்பும்போது தெருவில் நின்று சத்தமாக எண்ணினேன். "ஒண்ணு, ரெண்டு." தோளிலிருந்து ஜெனி என் காதைத் திருகினாள். "மூணு. நீயும்தான கீற."

மூன்றரைக்கு ஸ்டெல்லா வந்தபோது ராபர்ட் எழுந்து டீக்கடைக்குப் போயிருந்தான். அவள் பையைக்கூட இறக்கி வைக்கும் முன் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அவள் ஜெனியை இழுத்து அணைத்துக்கொண்டு, அவள் தலைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டாள். பிறகு, "என் கார்டையே போட்டுகினு போச்சா?" என்று சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. "உடு மாமா. நான் பாக்கும்போதே ரெண்டு தபா ஓடிகீது. அவராண்ட மட்டும் சொல்லாத."

மீதி நான்கு நாளும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கால்களை நம்பவில்லை. முகங்களைப் பார்த்தேன்.

டிசம்பரில் ஸ்டெல்லா போன் செய்தாள். "அரையாண்டு லீவுக்கு வந்துடு மாமா. கிறிஸ்துமசும் ஒண்ணா கொண்டாடலாம். ஜெனி உன்ன திரும்ப வேலைக்குச் சேத்துக்கினாளாம்." எனக்குக் கண்ணில் தெரிந்தது அந்த ரோடுதான். மூட்டு வலி என்றேன். "சரி மாமா, ஒடம்பப் பாத்துக்க," என்றாள். மறுபடி வற்புறுத்தவில்லை; அதற்கடுத்த லீவுக்குக் கூப்பிடவும் இல்லை. வலிக்கிற கிழவனை எத்தனை தடவை கூப்பிடுவாள்?

ராபர்ட்டுக்குக் குஜராத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். அந்த ஆறு வீடுகளும் இப்போது இல்லை; வேலைக்கு வந்த பையன்கள் தங்கும் நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது. ஜோயல் கல்லூரியில். ஜெனி கிறிஸ்துமஸ் அன்று போனில் ஒரு நிமிடம் பேசுவாள். பஸ் வரிசையில் நின்ற கதையைப் போன வருடம் சொன்னேன். "நானா தாத்தா? எனக்கு ஞாபகமே இல்ல," என்றாள்.

அந்த அரையாண்டு விடுமுறை பதினொரு நாள். ஒரு நாள்கூட எனக்கு மூட்டு வலிக்கவில்லை.