தூக்கினால் ஓடும், அழுத்தினால் நிற்கும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்த அடுத்த வாரம் நடந்தது இது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் போகும் சாலையில்.

நான் ஆக்டிங் டிரைவர். ஊர் படாளம். யார் வீட்டு டிரைவராவது லீவு போட்டால், அல்லது கார்க்காரருக்கே உடம்பு முடியாமல் போனால், என்னைக் கூப்பிடுவார்கள். இன்றைக்கு ஒரு கார், நாளைக்கு இன்னொன்று. ஒன்றில் இண்டிகேட்டர் வலது கைப்பக்கம் இருக்கும், இன்னொன்றில் இடது பக்கம். திரும்பும்போது இண்டிகேட்டர் போட நினைத்து வைப்பரைப் போட்டுவிடுவேன். காய்ந்த கண்ணாடியில் அது கீச்சிட, பின் சீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ரிவர்ஸ் கியர் ஒரு வண்டியில் ஐந்தாவதுக்குக் கீழே, இன்னொன்றில் முதல் கியருக்கு இடதுபுறம். எல்லாம் இரண்டு கிலோமீட்டரில் பழகிவிடும். பதினெட்டு வருடமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதனாலேயே, சொந்தக்காரர் தன் வண்டியைப் பற்றி என்ன சொன்னாலும் காதில் வாங்காத பழக்கமும் வந்துவிட்டது.

அந்த வாரம் கூப்பிட்டது செங்கல்பட்டில் ஒரு குடும்பம். வீட்டுக்காரரைப் பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள்; ஜவுளிக்கடை வைத்திருந்தார். அவர் மனைவிக்குச் சதுரங்கப்பட்டினத்தில் வங்கி வேலை. சின்ன வயதில் வந்த போலியோவால் அந்த அம்மாவுக்கு இரண்டு கால்களிலும் பலம் கிடையாது. ஆனாலும் தினமும் தானே காரை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறவர். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்து, முழங்கை வரை மாவுக்கட்டு. மூன்று வாரத்துக்கு டிரைவர் வேண்டும் என்றார்கள்.

கார் ஆட்டோமேட்டிக். ஸ்டியரிங்குக்கு இடதுபுறம், ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு மேலே, ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இரண்டு இரும்புக் கம்பிகள் கீழே இறங்கி ஆக்ஸிலேட்டரிலும் பிரேக்கிலும் மாட்டியிருந்தன. கைப்பிடியைத் தூக்கினால் வண்டி ஓடும், அழுத்தினால் நிற்கும். காலால் ஓட்டுகிறவர்கள் வழக்கம்போலப் பெடலையும் மிதிக்கலாம்.

இடது பக்க சீட்டில் உட்கார்ந்ததும் மேடம் சொன்னார்: "அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம் கேட்டுக்கோங்க. சீட்ட நல்லா பின்னாடி தள்ளுங்க. இடது கால மடக்கி உள்ள வெச்சிக்கோங்க. அந்தக் கம்பி..."

நான் முடிக்க விடவில்லை. "நம்ம பார்க்காத வண்டியா மேடம்? ஆட்டோமேட்டிக்கு எத்தினியோ ஓட்டிக்கீறேன்" என்று சாவியைத் திருகினேன். அவர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு சீட் பெல்ட்டை இடது கையால் இழுத்து மாட்டிக்கொண்டார்.

நான் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. அதற்கு முந்தைய பத்து நாளும் நான் ஓட்டியது ஒரு பழைய டீசல் வேன். கிளட்ச் கல் மாதிரி இருக்கும். ஒவ்வொரு தடவையும் முழங்காலைத் தூக்கி மிதித்தால்தான் இறங்கும். அந்த வேனை விட்டு நான் இறங்கிவிட்டேன், என் இடது கால் இறங்கவில்லை.

திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை ஒரு தொல்லையும் இல்லை. சதுரங்கப்பட்டினத்துக்குள் நுழைகிற இடத்தில், தலையில் மீன் கூடையோடு ஒரு பெண் சாலையின் குறுக்கே இறங்கினார். தூரம் இருந்தது. வேகமும் அதிகமில்லை. சும்மா பிரேக்கில் கால் வைத்தாலே போதும். ஆனால் இடது கால் தன்னால் கிளட்சைத் தேடி மேலே எழும்பியது. முழங்கால் கைப்பிடியைத் தூக்கிவிட்டது. கார் சீறிப் பாய்ந்தது. பதறிப்போய் வலது காலைப் பிரேக்குக்குக் கொண்டு போனால், நடுவில் இருந்த கம்பியில் செருப்பு மாட்டிக்கொண்டது. கால் வரவில்லை.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார். அந்த முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பயம் கூட இல்லை, வெறும் திகைப்பு.

பக்கத்தில் டம்மென்று ஒரு சத்தம். மேடம் மாவுக்கட்டுப் போட்ட தன் வலது கையைத் தூக்கி, என் முழங்காலோடு சேர்த்துக் கைப்பிடியைக் கீழே அடித்து அழுத்தியிருந்தார். கார் குலுங்கி நின்றது. பானெட்டுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும்.

"யோவ்! இன்னாய்யா வண்டி ஓட்றே? நான் வூடு போய்ச் சேர வாணாமா?" என்று அவர் பானெட்டில் ஓங்கித் தட்டினார். இன்னும் ஏதேதோ சொன்னார். அத்தனையும் எனக்குத் தேவைதான். சரிந்த கூடையை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டார்.

வண்டியை ஓரம் கட்டினேன். மேடத்தின் மாவுக்கட்டு மணிக்கட்டுக்கு மேலே விரிசல் விட்டிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கண்ணோரம் தண்ணீர்.

"மேடம், நான் வேற டிரைவர வரச் சொல்றேன். இனிமே இந்த வண்டியத் தொட மாட்டேன்" என்றேன்.

மேடம் கண்ணைத் திறந்தார். "வேற ஆள் வந்தா அவருக்கு முதல்ல இருந்து சொல்லணும். நீங்க இனிமே மறக்க மாட்டீங்க. சீட்டப் பின்னாடி தள்ளுங்க."

தள்ளினேன். செருப்பைக் கழற்றினேன். இடது காலை மடக்கி வைத்தேன். அவர் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிறகு வண்டியைத் திருப்பி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கே விட்டேன். எலும்பு விலகியிருந்தது. மறுபடி நேராக்கிக் கட்டுப் போட்டார்கள். மூன்று வாரம் ஆறு வாரம் ஆனது.

அந்த ஆறு வாரமும் நான்தான் ஓட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைப்பிடியால் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். வீடு கட்டாத மனைப்பிரிவு ஒன்றில் கால்கள் இரண்டையும் பின்னால் இழுத்துக்கொண்டு ஓட்டினேன். வண்டி தவளை மாதிரி தத்தியது. ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் ஓட்டமும் நிறுத்தமும். இருபது நிமிடத்தில் தோள்பட்டை கழன்றுவிட்டது. மேடம் சிரித்துச் சிரித்துக் களைத்துப் போனார். கல்லும் லாரியுமான அந்தச் சாலையை இப்படித்தான் தினமும் கடக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கடைசி நாள் மனசு கேட்கவில்லை. பாயிடம் தனியாகப் போய், கட்டு உடைந்தது என் திமிரால்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பிரேக் போட்டபோது கை இடித்துக்கொண்டது என்றுதான் மேடம் வீட்டில் சொல்லியிருப்பார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

பாய் துணி மடித்துக்கொண்டே சொன்னார்: "தெரியும்ணா. அன்னிக்கே சொல்லிட்டாங்க. உங்ககிட்ட இதப்பத்திப் பேசக் கூடாதுன்னும் சொல்லிட்டாங்க."

அப்படியென்றால் அந்த ஆறு வாரமும், ஒவ்வொரு நாள் காலையிலும், நடந்தது முழுக்கத் தெரிந்த ஒரு மனிதர் எனக்கு டீ கொடுத்து, தன் மனைவியை என்னோடு அனுப்பி வைத்திருக்கிறார். பிழை செய்தவனைப் பிழை தெரிந்த பிறகும் நம்புவது எவ்வளவு பெரிய காரியம் என்பது, இன்றைக்கும் புதிதாக ஒரு வண்டியில் ஏறி உட்காரும்போதெல்லாம் என் நெஞ்சில் வந்து நிற்கிறது.